சினை ஊசி பால்துரை

திருநெல்வேலியிலிருந்து வரும் முதல் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தெர்மாஸ் பிளாஸ்க் வரும். உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு அதை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கிற ஆள் பால்துரை. கால்நடை ஆய்வாளர் என்பது சர்க்கார் அவனுக்குக் கொடுத்த பெயர். ஊர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உப்பளத்துக்காரர்கள் முதல் துறைமுகத்துக் கிளார்க்குகள் வரை, வீட்டுப் பின்னால் ஒரு பசுவைக் கட்டி வைத்திருந்த எல்லாருக்கும் அவன் 'சினை ஊசி'தான்.

குப்பிகளில் இருந்தது காளையின் விந்து. மாவட்டப் பண்ணையில் எடுத்து, முட்டை மஞ்சள் கருவில் கலந்து அனுப்புவார்கள். பால்துரை மாட்டாஸ்பத்திரிக்குப் போனதும் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பான். உயிரணுக்கள் தேர்த் திருவிழாக் கூட்டம்போல முட்டி மோதிக்கொண்டு ஓடினால் அன்றைய வேலைக்கு ஆகும். சோர்ந்து கிடந்தால் கொட்டிவிடுவான். அப்புறம் எந்த வீட்டில் பசு காளைக்குக் கத்துகிறதோ அங்கே போவான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் அவனிடம் தவறாமல் கேட்பார்கள், எந்தக் காளை, சிந்தி இனமா ஜெர்சி இனமா, அதனுடைய தாய் எவ்வளவு கறந்தது என்று. அவன் காளையின் எண்ணைச் சொல்லி, சீட்டிலும் குறித்துக் கொடுப்பான். ஒரு காளைக்குப் பிறந்த கிடேரிக்கே திரும்ப அந்தக் காளையைப் போட்டுவிடக் கூடாது.

அந்த வேலையில் அவன் கைராசிக்காரன் என்று பெயர். வீட்டில் அந்த ராசி இல்லை.

ஏரல் பக்கம் பிறந்தவன். தாய் தகப்பன் சீக்கிரமே போய்ச் சேர, அக்கா சண்முகத்தாய்தான் வளர்த்து ஆளாக்கினாள். தகப்பன் விட்டுப்போன நிலம் ஒரு பனைவிளை. அறுபத்து நாலில் அக்காவே பார்த்து, திருச்செந்தூர் சன்னதித் தெருவில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தவரின் மகள் சீனித்தாயைக் கட்டிவைத்தாள். சீனித்தாய் அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுற்றி வளைக்காமல் பேசுவாள். சாணி வாடையோடு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவனுக்கு வெந்நீர் வைத்திருப்பாள். முகம் சுளித்து அவன் பார்த்ததில்லை.

பிள்ளை மட்டும் வரவில்லை. நாலு வருஷம் ஆனதும் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பரிசோதனைக்குப் படுத்தது எல்லாம் அவள்தான். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்கிறோம் என்றார்கள். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று காற்றை விட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வருவாள். கடைசியில் அந்த டாக்டர், "எல்லாம் சரியா இருக்கு. வீட்டுக்காரரையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டா நல்லது," என்றார்.

பால்துரைக்குச் சுருக்கென்றது. "நான் தினமும் பாக்கிற சமாச்சாரம். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

ஆனால் அந்த வார்த்தை அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டாஸ்பத்திரியில் யாரும் இல்லாத நேரத்தில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தன்னுடையதைத் தானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான்.

ஒன்றும் இல்லை. லென்ஸில் அழுக்கோ என்று துடைத்தான். கண்ணாடித் துண்டை மாற்றினான். முந்தின நாள் மிச்சமிருந்த காளையினுடையதை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தான். பழசானாலும் அது ஓடியது. திரும்பத் தன்னுடையதை வைத்தான். மழைக்குப் பிறகு வெளுத்துக் கிடக்கிற உப்புப் பாத்தி மாதிரி இருந்தது.

பத்தொன்பது வயதில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. முதலில் கன்னம் வீங்கியது, அப்புறம் கீழே வீங்கியது. வெட்கத்தில் அக்காவிடம்கூடச் சொல்லாமல் ஒரு வாரம் சுருண்டு கிடந்தான். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: விரை வீங்கி வற்றிப்போன காளையைப் பண்ணையில் வைக்க மாட்டார்கள், அடிமாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொண்டபோது தன்னை நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீனித்தாய், "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"வெயிலு," என்றான்.

அந்த ஒரு சொல்லிலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது. அந்த மூன்று வருஷமும் சீனித்தாய் சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடந்தாள். திருச்செந்தூர்க் கோயில் பிரகாரத்தில் ஈரச் சேலையோடு உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்தாள். யாரோ சொன்ன கசப்பு வேரை அரைத்துக் குடித்து வாந்தி எடுத்தாள். வளைகாப்பு வீடுகளில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் போவதையே நிறுத்திக்கொண்டாள். பால்துரைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. தோன்றும். தோன்றுகிற ஒவ்வொரு தடவையும் அவள் ஏதாவது வேலையாக இருந்தாள், அல்லது அவனுக்கு எங்காவது பசு கத்திக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்றில் சண்முகத்தாய் ஒரு பெண்ணின் ஜாதகத்தோடு வந்து இறங்கினாள்.

"ஏலே துரை, எத்தனை நாள் இப்படியே இருப்ப? பொண்ணு நம்ம ஊருப் பக்கந்தான். இவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போட்டும். நான் தள்ளி வைக்கச் சொல்லல."

"சர்க்கார் உத்தியோகம் அக்கா. ரெண்டாம் கல்யாணம் கட்டினா வேலை போயிரும்."

"அப்ப இவளை எழுதித் தீத்துட்டுக் கட்டு."

அடுப்படியில் நின்ற சீனித்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மைனி சொல்லுதது சரிதான். தீத்துவிட வேண்டாம், எனக்குப் போக்கிடம் இல்ல. மத்தபடி எனக்குச் சம்மதம். என்னால இவுக வம்சம் அத்துப்போக வேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

அவள் பேச்சு பால்துரையைச் சுட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது அது இல்லை. அவனுக்கு வந்தது பயம். புதிதாக வருகிறவளுக்கும் பிள்ளை நிற்காது. அப்போது ஊரே ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிப் பார்க்கும். அக்காவிடம் ஒரு வருஷம் தவணை கேட்டு அனுப்பினான். அடுத்த வாரமே பாளையங்கோட்டைக்குத் தனியாகப் பஸ் ஏறினான்.

அங்கே டாக்டர் ஜெபசெல்வி என்று ஒருவர் இருந்தார். பசுவுக்குச் செய்வதை அவர் பெண்களுக்குச் செய்கிறார் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கடைசிப் பேஷண்ட் போகும்வரை காத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னான். அவரும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மாட்டுக்குச் செய்யிறவர்தானே நீங்க. விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. வேற ஒருத்தரோடதை வச்சுத்தான் செய்யணும்."

"யாரோடது டாக்டரம்மா?"

"நீங்க கேக்கக் கூடாது. அவருக்கும் உங்களைத் தெரியாது. டாக்டருக்குப் படிக்கிற பையன், ஆரோக்கியமானவன். அவ்வளவு போதும்."

"என் வீட்டுக்காரிக்கு..."

"சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். என் அனுபவத்துல, சொல்லாத குடும்பந்தான் நிம்மதியா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "உங்களோடதையும் அதுல கலந்துதான் வைப்போம். அப்புறம் உங்க பிள்ளை இல்லைன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்களாலயே சொல்ல முடியாது," என்றார்.

எதுவும் இல்லாத ஒன்றைக் கலப்பதும் வெறும் தண்ணீரைக் கலப்பதும் ஒன்றுதான் என்று பால்துரைக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பதும் தெரியும். இருந்தும் அவன் தலையசைத்தான். ஒரு இங்கிலீஷ் காகிதத்தை நீட்டினார். அதில் கணவன் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. போட்டான்.

சீனித்தாயைக் கூட்டிக்கொண்டு போன அன்று டாக்டர் அவளிடம், "உங்க வீட்டுக்காரரோட அணுக்கள் கொஞ்சம் பலம் கம்மி. எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள வச்சிட்டா நின்னுரும்," என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். அவனை உள் அறைக்கு அனுப்பினார்கள். அவன் கொடுத்த குப்பியோடு இன்னொரு குப்பி எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரு குப்பிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் வல்லநாடு தாண்டியதும், சேலைத் தலைப்புக்கு அடியில் அவன் கையைப் பிடித்தாள்.

"இதை ஒரு டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு கூசியிருக்கும்? எனக்காகத்தான போனிய." அப்புறம் மெதுவாக, "மைனிகிட்ட இதெல்லாம் சொல்ல வேண்டாம். குறை என்கிட்டன்னே இருக்கட்டும். ஆம்பிளையை ஒரு சொல் சொல்லிட்டா அப்புறம் தெருவுல நடக்க முடியாது," என்றாள்.

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கையை விடுவித்துக்கொள்ளவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

மாதாமாதம் போய் வந்ததில், நாலாவது மாதம் கரு நின்றது. எழுபத்திரண்டில், ஆனி மாதம், ஆண் பிள்ளை பிறந்தது. செந்தூரான் கொடுத்தது என்று வீரபாகு என்று பெயர் வைத்தாள். சண்முகத்தாய் பிள்ளையை மடியில் போட்டுப் பார்த்து, "அப்படியே எங்க ஐயா மூக்கு," என்று அழுதாள். பால்துரை வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தான்.

அவன் அந்தப் பிள்ளையை அடித்தது கிடையாது. தூக்கியதும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டுமோ வாங்கிப் போட்டான். ஊரார் வாய் நிறைய 'உன் மகன்' என்றபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு விரல்கள் நீளம். பால்துரைக்கு விரல்கள் கட்டைகட்டையாக இருக்கும். சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற அந்த நீண்ட விரல்களைப் பார்த்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இலாகா கூட்டத்துக்குப் பாளையங்கோட்டை போகும்போதெல்லாம் டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் கூடுகிற டீக்கடைப் பக்கம் சுற்றுவான். கிளாஸைப் பிடித்திருக்கிற ஒவ்வொரு கையையும் பார்ப்பான். அந்தப் பையன் படித்து முடித்து எந்த ஊருக்கோ போய் வருஷக்கணக்காகியிருக்கும் என்று தெரிந்தும் பார்ப்பான்.

"மாட்டோட பழகிப் பழகி மனுசரைக் கொஞ்சத் தெரியல இவுகளுக்கு," என்று சீனித்தாய் அக்கம்பக்கத்தில் சிரித்து மழுப்புவாள். வீட்டுக்குள் சிரிக்க மாட்டாள். பையன் ஐந்து வயதுக்குள்ளேயே, அப்பா வரும் நேரத்தில் அடுத்த அறைக்குப் போய்விடக் கற்றுக்கொண்டான்.

எழுபத்தெட்டு ஆடியில் சீமையிலிருந்து அந்தச் சேதி வந்தது. தோணி வைத்து நடத்தி ஓய்ந்திருந்த, கடற்கரை ரோட்டு ரோச் அண்ணாச்சி வீட்டுக்கு, அவருடைய சிந்திப் பசுவைப் பார்க்கப் போயிருந்தான். அண்ணாச்சி பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

"வே, பாத்தீரா? சோதனைக் குழாயில பிள்ளை பிறந்திருக்காம். நீரு செய்யிற வேலைதானவே?"

"இது வேற அண்ணாச்சி. பொம்பளையோட முட்டையை வெளிய எடுத்து, புருசனோட அணுவைச் சேத்து, கருவானதும் திரும்ப உள்ள வைக்காங்க. குழாய் அடைச்சுப் போனவங்களுக்கு."

"ரெண்டும் அவங்களோடதுதான?"

"ஆமா."

"அப்ப என்ன பாவம்? பங்குச் சாமியார் பிரசங்கத்துல பாவங்காரு. எனக்கு அப்படித் தெரியல. அடுத்தவனோடதைக் கொண்டாந்து வச்சாத்தான் வே கொடுமை. பிள்ளை யாரைப் பாத்து அப்பான்னு கூப்பிடும்?"

பால்துரை மாட்டுக்கு ஊசி போடாமலே கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினான். பருவம் தப்பிவிட்டது என்று அண்ணாச்சியிடம் பொய் சொன்னான்.

வீட்டில் சண்முகத்தாய் வந்திருந்தாள். அவளுக்கு ஒரு காரியம் இருந்தது. தன் இளைய மகன் பனைவிளையைத் திருத்தி முருங்கை போடப் பார்க்கிறான் என்றாள். "உன் மகன் படிச்சு உத்தியோகத்துக்குப் போறவன். அவன் என்ன அங்கன வந்து கிணத்துல தண்ணி இறைக்கவா போறான்?" என்றாள். அவள் விலைக்குக் கேட்டாளோ குத்தகைக்குக் கேட்டாளோ, பேச்சை முடிக்கக்கூட விடவில்லை பால்துரை.

"எழுதித் தாரேன் அக்கா. உன் மகன் பேருக்கே எழுதித் தாரேன்."

சண்முகத்தாய்க்கே திகைப்பாகிவிட்டது. மறுநாள் காலை அவளை ஏரல் பஸ் ஏற்றிவிட்டு அவன் வந்தபோது சீனித்தாய் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

"என்ன காரியம் செய்யுதிய? பாகுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான."

"அது எங்க ஐயா விளை. எங்க ரத்தத்துக்குத்தான் போகணும்."

"அப்ப பாகு யாரு ரத்தம்?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"உங்களைத்தான் கேக்கேன். பாகு யாரு ரத்தம்?"

"என் ரத்தம் இல்ல."

சீனித்தாய் சாமிப் படத்துப் பக்கம் போய்க் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். எரிகிற தட்டோடு அவன் முன்னால் வந்து நின்றாள். "செந்தூரான் மேல சத்தியம். உங்களைத் தவிர இன்னொரு ஆம்பிளை நிழல் என் மேல பட்டது இல்ல. பட்டிருந்தா என் பிள்ளை..." என்று தொடங்கினாள். பிள்ளையைச் சொல்லிச் சத்தியம் செய்ய வாய் வரவில்லை. எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்தாள்.

அதற்கு முன்னாலேயே அவன் நிறுத்தியிருக்கலாம். கை சுட்டு அவள் தட்டைக் கீழே போடும்வரை அவன் நிறுத்தவில்லை.

"உன் மேல குத்தம் இல்ல," என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நின்றபடியே, சுவரைப் பார்த்தபடியே சொன்னான். மைக்ராஸ்கோப், பாளையங்கோட்டை, இரண்டாவது குப்பி, கையெழுத்து.

அவள் சுட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப பாத்திய, மைக்ராஸ்கோப்புல?"

"அறுபத்தெட்டுல."

"அறுபத்தெட்டுல." திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "அதுக்கப்புறந்தான நான் கோயில்ல உருண்டேன். நீங்க ஒரு ஓரமா துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னிய. முழங்கை தோல் உரிஞ்சு வந்தப்ப எண்ணெய் போட்டுவிட்டிய."

அவன் கீழே கிடந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

"மாடு வச்சிருக்கவன்கூட எந்தக் காளைன்னு கேக்கான். நீங்களும் அவனுக்கு நின்னு பதில் சொல்லுதிய. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டா நீ சம்மதிச்சிருக்க மாட்ட."

"ரெண்டாம் கல்யாணத்துக்கே சம்மதிச்சவ நான். இதுக்குச் சம்மதிச்சிருப்பேனோ மாட்டேனோ, எனக்கே தெரியாது. அதை நான் தெரிஞ்சுக்கிட முடியாமப் பண்ணிட்டிய." அதற்கப்புறம்தான் அழுதாள். அழுகைக்கு நடுவில், "நீங்க எனக்காகக் கூச்சத்தை விட்டியன்னு உங்களைச் சாமியா நினைச்சேன்," என்றாள்.

அடுத்த நாள் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். இந்தத் தடவை பஸ்ஸில் அவனுக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபசெல்விக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் தெரியவில்லை. பால்துரை தயங்கித் தயங்கி நினைவுபடுத்தினான். சீனித்தாய் உட்காராமலே கேட்டாள்: "என் மகனுக்குத் தகப்பன் யாரு?"

டாக்டர் பால்துரையை ஒரு பார்வை பார்த்தார். "இவர்தாம்மா. சட்டப்படி இவர்தான். வளர்த்ததும் இவர்தான்."

"இவுக வளக்கல. அதனாலதான் கேக்கேன்."

"எனக்குத் தெரியாது. எழுதி வைக்கிற வழக்கம் இல்ல. எழுதி வச்சா அந்தப் பையனுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்."

"அந்த ஆளோடதை இன்னும் எத்தனை பேருக்கு வச்சிய?"

டாக்டர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "சில பேருக்கு."

"எல்லாரும் இந்தப் பக்கத்து ஊருக்காரங்கதான? நாளைக்கு என் மகனுக்குப் பொண்ணு பாக்கையில, அவ இவன் கூடப் பிறந்தவளா இருந்தா?"

பால்துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிடேரிக்கு அதன் தகப்பன் காளையைப் போடாமல் இருக்க அவன் ஆபீஸில் அலமாரி நிறைய அட்டைகள் அடுக்கி வைத்திருந்தான். தன் வீட்டு விஷயத்தில் இந்தக் கேள்வி ஒருநாளும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணுகூட நடக்காது," என்றார் டாக்டர். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை. "பிள்ளை வேணும்னு அழுதுக்கிட்டு வந்தீங்க. நல்ல பிள்ளையா ஒண்ணு இருக்கு. இன்னும் என்னம்மா?"

"அழுதேன். இல்லைங்கல. நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னைய வாயில்லா ஜீவன்னு முடிவு பண்ணிட்டிய."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாரும் அப்படித்தாம்மா செஞ்சோம். புருஷன் சம்மதம் போதும்னுதான் இருந்தது. இன்னைக்கும் அப்படித்தான்," என்றார். வெளியே அடுத்த ஜோடி காத்திருந்தது. அந்தப் பெண் புதுச்சேலை கட்டியிருந்தாள். சீனித்தாய் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பால்துரை பயந்தான். ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று காரியம் சொன்னாள். பனைவிளை பாகு பேருக்கு எழுதப்பட வேண்டும். ஊருக்கு முன்னால் அப்பன் என்று நின்றவன் அப்பன் செய்வதைச் செய்யட்டும். இந்த விஷயம் பையன் காதில் விழக் கூடாது. விழுந்தால் அது பால்துரையின் வாய் வழியாகத்தான் விழும், அதனால் அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

"அவனை நான் வெறுத்துருவேனோன்னு ரெண்டு நாளாப் பயந்து கெடந்தேன்," என்றாள். "தூங்குற முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். யாரு யாருன்னு தேடிப் பாத்தேன். என் பிள்ளையை அந்தப் பார்வை பாக்க என்னைய வச்சதுக்கு உங்களை நான் மன்னிக்க மாட்டேன். வெறுக்க முடியல. அது உங்க புண்ணியம் இல்ல."

விளையைப் பாகு பேருக்கு எழுதிக் கொடுத்தான். சொன்ன சொல்லை மாற்றிவிட்டான் என்று சண்முகத்தாய் பஸ் ஸ்டாண்டில் வைத்தே மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். வேம்பாருக்கு மாற்றல் கிடைத்தது. சீனித்தாய் தூத்துக்குடியிலேயே இருந்துகொண்டாள். இறால் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். மாற்றல் என்றால் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாதா என்று யாராவது கேட்டால், பையன் படிப்பு என்று சொன்னாள். இந்தத் தடவையும் அவனுடைய மானத்தை அவள்தான் காப்பாற்றினாள். இப்போது அதில் அன்பு இல்லை.

வேம்பாரில் அவனுக்கு நடந்ததுதான் அவனே எதிர்பார்க்காதது. உண்மையைச் சொல்லி முடித்தபிறகு அவனுக்குள் இருந்த முறுக்கு தளர்ந்துவிட்டது. பள்ளி விடுமுறைக்குச் சீனித்தாய் பையனைக் கூட்டிக்கொண்டு வருவாள், பையன் அப்பா எங்கே என்று கேட்பதால். காலையில் வந்து சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அவன் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவாள். பையன் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவான். அந்த விரல்கள் இப்போது வேறு யாருடையதாகவும் தெரியவில்லை. சோற்றில் ரசத்துக்குப் பாத்தி கட்டத் தெரியாமல் வழியவிடுகிற ஒரு சின்னப் பையனின் விரல்கள், அவ்வளவுதான். ஏழு வருஷம் எதைத் தேடினோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

ஆனால் பையனை அவன் கையில் தனியாக விட அவள் தயாராக இல்லை. எழுபத்தொன்பது டிசம்பர் லீவில் வந்தபோது கரையில் புது வள்ளம் ஒன்றைக் கடலில் தள்ளப் போகிறார்கள் என்று பாகு கேள்விப்பட்டு வந்தான்.

"வா, நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்," என்றான் பால்துரை. எழுந்து சட்டைகூடப் போட்டுவிட்டான்.

வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சீனித்தாய் பாதியில் வைத்துவிட்டுக் கையை உதறினாள். "நானும் வாரேன்."

மூவரும் போனார்கள். உப்பளத்து வரப்பில் அவள் நடுவில் நடந்தாள். வள்ளத்தைத் தள்ளுகிறவர்கள் போட்ட சத்தத்தில் பையன் உற்சாகமாகிக் குதித்தான். மணலில் தடுக்கி விழப்போனவனைப் பிடிக்கப் பால்துரை கையை நீட்டினான். பையன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டான். "மெதுவாலே," என்று சொன்னதோடு பால்துரை கையை மடக்கிக்கொண்டான்.

சாயங்காலம் பஸ்ஸில் பையனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். கீழே நின்ற அப்பாவிடம் "போயிட்டு வாரேம்பா," என்று சொல்லுமுன் பாகு அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அவள் தலையசைத்தாள். அப்புறம் சொன்னான்.

பஸ் புறப்பட்ட பிறகு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனான் பால்துரை.

"மகனா சார்?" என்றார் கடைக்காரர். "நல்ல லெட்சணமான பிள்ளை. உங்க ஜாடை இல்லியே. அவுக அம்மா ஜாடையோ?"

"ஆமா," என்றான் பால்துரை. "அம்மா ஜாடைதான்."

கடைக்காரர் டீயை ஆற்றி நீட்டினார். பசு காலையிலிருந்து கத்துகிறது என்று சொல்ல ஒருவர் சைக்கிளோடு வந்து நின்றிருந்தார். டீயைக் குடித்துவிட்டு அவர் பின்னால் போனான்.